ரெய்டு 1: இரண்டு டிஸ்க்கும் ஆளுக்கொன்று சொன்னால் யாரை நம்புவது?

லினக்ஸின் ரெய்டு டிரைவரான எம்டி வழியாக இரண்டு டிஸ்க்கை மிரர் போட்டு, அதாவது ஒன்றில் இருப்பதே மற்றதிலும் நகலாக இருக்கும்படி (இதுதான் ரெய்டு 1), வைத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் மேலே படிப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். சிஸ் என்ற டைரக்டரிக்குள் பிளாக், அதற்குள் எம்டி0, அதற்குள் எம்டி என்று இறங்கினால் மிஸ்மேட்ச் கவுண்ட் (முரண்பாட்டின் கணக்கு) என்று ஒரு ஃபைல் இருக்கும். அதைத் திறந்து பாருங்கள். 0 என்று வந்தாலும் உடனே நிம்மதி அடைய வேண்டாம், ஏனென்றால் மெஷினை ரீபூட் செய்த பிறகு ஒரு தடவைகூட செக் (இரண்டு டிஸ்க்கையும் ஒப்பிடும் சோதனை) ஓடவில்லை என்றாலும் அது 0 என்றுதான் காட்டும். செக் ஓடி முடிந்த பிறகு வரும் எண்தான் உண்மையான எண்.

அந்த எண்ணை உங்களுக்கு யாரும் தானாக வந்து சொல்ல மாட்டார்கள் என்பதுதான் இந்தப் பதிவை எழுதக் காரணம். டெபியன் வகை லினக்ஸில் மாதத்தின் முதல் ஞாயிறு நள்ளிரவு தாண்டியதும் செக் தானாக ஓடும். முடிந்ததும் இத்தனை மிஸ்மேட்ச் என்று லாகில் ஒரு வரி விழும், அவ்வளவுதான். டிஸ்க் ஒன்று செத்துப்போனால் எம்டியை நிர்வகிக்கும் எம்டிஏடிஎம் புரோகிராம் மெயில் அனுப்பும், மிஸ்மேட்ச்சுக்கு அனுப்பாது. ரெட் ஹாட் வகையறா லினக்ஸில் ரெய்டு-செக் என்ற ஸ்கிரிப்ட் வாராவாரம் ஓடுகிறது, ரெய்டு 5, 6-க்கெல்லாம் மிஸ்மேட்ச் இருந்தால் எச்சரிக்கை தரும், ஆனால் ரெய்டு 1-க்கு வேண்டுமென்றே அந்த எண்ணைப் பார்க்காமல் விட்டுவிடுகிறது. ஸ்கிரிப்டைத் திறந்தால் காரணத்தையும் கமெண்டில் எழுதி வைத்திருக்கிறார்கள்: மிரரில் ஒன்றுமில்லாததற்கெல்லாம் எண் ஏறும், அதில் எது நிஜப் பிரச்சனை எது வெற்று என்று பிரித்துச் சொல்ல முடியாது, அதனால் பார்ப்பதே இல்லை என்று. நேர்மையான பதில்தான். ஆனால் விளைவு என்னவென்றால், நிஜமாகவே இரண்டு டிஸ்க்கும் முரண்பட்டுக்கொண்டிருந்தாலும் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது.

முதலில் எண்ணைப் பற்றி. அது 512 பைட் செக்டார் கணக்கு. ஆனால் எம்டி செக்டார் செக்டாராக ஒப்பிடுவதில்லை, ஒரு பெரிய துண்டாகப் படித்து ஒப்பிட்டு, அதில் எங்காவது ஒரு பைட் வேறுபட்டாலும் துண்டு முழுவதையும் எண்ணிக்கையில் சேர்த்துவிடும். துண்டு 64 கேபி என்றால் 128 செக்டார். ஆகவே 128 என்று வந்தால் 128 இடத்தில் தவறு என்று பொருள் இல்லை, ஒரே ஒரு துண்டில் ஏதோ ஒன்று ஒத்துப்போகவில்லை, அது ஒரே ஒரு பிட்டாகக்கூட இருக்கலாம். 1408 என்றால் 11 துண்டுகள். எண் பெரிதாக இருக்கிறதே என்று பதறுவதிலும், சின்னதாக இருக்கிறதே என்று விட்டுவிடுவதிலும் அர்த்தம் இல்லை.

இதை ரீட் எரரோடு குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. பேட் செக்டார் வந்தால் டிஸ்க் தானே “என்னால் படிக்க முடியவில்லை” என்று கைவிரித்துவிடும், எம்டி உடனே அடுத்த டிஸ்க்கில் இருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, கெட்டுப்போன இடத்தில் அதையே திரும்ப எழுதியும் பார்க்கும். மிரர் என்பதே அதற்காகத்தான், அந்த வேலையை அருமையாகச் செய்கிறது. மிஸ்மேட்ச் வேறு சங்கதி. இங்கே இரண்டு டிஸ்க்கும் எந்த எரரும் இல்லாமல் தைரியமாகப் பதில் சொல்கின்றன, பதில்தான் வேறு வேறு. சாட்சி இல்லாத பஞ்சாயத்து மாதிரி. நாம் ஒரு ஃபைலைக் கேட்கும்போது எம்டி இரண்டையும் படித்து ஒப்பிடுவதில்லை, எந்த டிஸ்க் அப்போது சும்மா இருக்கிறதோ, எதன் ஹெட் பக்கத்தில் இருக்கிறதோ அதில் இருந்து எடுத்துக் கொடுத்துவிடும். இன்றைக்கு ஒன்று, ரீபூட் செய்த பிறகு வேறொன்று வரலாம்.

இந்த இடத்தில்தான் எல்லோரும் ரிப்பேர் என்ற வார்த்தையைப் பார்த்து மயங்குகிறார்கள். மிஸ்மேட்ச் கவுண்ட் இருக்கும் அதே இடத்தில் உள்ள சிங்க் ஆக்‌ஷன் ஃபைலில் செக் என்று எழுதினால் ஒப்பிடும், ரிப்பேர் என்று எழுதினால் ஒப்பிட்டுச் சரிசெய்யும். எப்படிச் சரிசெய்யும்? வரிசையில் முதலில் நிற்கும், ஒழுங்காகப் படிக்க முடிந்த டிஸ்க்கில் இருப்பதை எடுத்து மற்றதன் மேல் எழுதிவிடும். அவ்வளவுதான். எது சரி என்று அதற்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. மூன்று டிஸ்க் மிரர் வைத்து, இரண்டு ஒரே மாதிரியும் ஒன்று வேறு மாதிரியும் சொன்னால்கூட ஓட்டெடுப்பு நடக்காது, முதல் டிஸ்க் தவறாக இருந்தால் மற்ற இரண்டு நல்ல நகலும் போச்சு. எண் 0 ஆகிவிடும், அதனால் சரியாகிவிட்டது போலத் தோன்றும். நடந்தது என்னவென்றால் தடயம் அழிந்துவிட்டது.

சரி, எல்லா மிஸ்மேட்ச்சும் பயப்பட வேண்டியதா? இல்லை. பெரும்பாலானவை ஒன்றுமில்லாதவை என்று ரெட் ஹாட்காரர்கள் சொல்வது உண்மைதான். முதல் சந்தேகம் எப்போதும் ஸ்வாப், அதாவது மெமரி போதாதபோது அதில் இருப்பதை டிஸ்க்கில் எடுத்து வைக்கும் இடம். மெமரியில் ஒரு பேஜை வெளியே எழுதும்போது, எம்டி அதை முதல் டிஸ்க்குக்கு ஒரு தடவை, இரண்டாவதுக்கு ஒரு தடவை என்று தனித்தனியாக அனுப்புகிறது. இடைப்பட்ட நொடியின் துளியில் யாராவது அந்தப் பேஜை மாற்றிவிட்டால் இரண்டிலும் வேறு வேறு பதிவாகும். கர்னலுக்கு அது தெரியும், அந்த ஸ்வாப் பதிவையே செல்லாது என்று தூக்கிப் போட்டுவிடும், அதைத் திரும்பப் படிக்கவே போவதில்லை. ஆனால் டிஸ்க்கில் முரண்பாடு நிற்கும், செக் அதை எண்ணிவிடும். மிரர் மேல் விர்ச்சுவல் மெஷின் ஓட்டுகிறவர்களுக்கும் இதே கதைதான், கேஷ் இல்லாமல் நேரடியாக எழுதும்படி வைத்திருந்தால் உள்ளே இருக்கும் கெஸ்ட் எழுதிக்கொண்டிருக்கும்போதே தன் பஃபரை மாற்ற முடியும்.

எஸ்எஸ்டி இரண்டு வேறு வேறு மாடல் போட்டு ட்ரிம் (அழித்த இடம் எது என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் வசதி) ஆன் செய்திருந்தால், அழித்த இடத்தைப் படிக்கும்போது ஒன்று பூஜ்ஜியம் கொடுக்கும், இன்னொன்று பழைய சரக்கைக் கொடுக்கும். அரேயை, அதாவது இந்த டிஸ்க்குகள் சேர்ந்த தொகுப்பை, உருவாக்கும்போதே அஸ்யூம்-க்ளீன் என்று சொல்லி முதல் சிங்க்கைத் தவிர்த்தவர்களுக்கு, எழுதப்படாத இடமெல்லாம் மிஸ்மேட்ச்தான். இவை எதுவும் ஃபைல் இருக்கும் இடங்கள் இல்லை. ஆக, கேட்க வேண்டிய கேள்வி எத்தனை என்பது கிடையாது, எங்கே என்பதுதான். எண் அதைச் சொல்லாது. நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

இனி நிஜத்தில் ஒரு கேஸ். தெரிந்த அண்ணன் ஒருவர் கல்யாண ஆல்பம் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். 4 டிபி டிஸ்க் இரண்டு, ரெய்டு 1, மேலே ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம், மற்ற மெஷின்கள் நெட்வொர்க்கில் எடுக்க சாம்பா ஷேர். வருடத்துக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஒரு ஃபோல்டர். அவருடைய புகார் கேட்பதற்கே வேடிக்கையாக இருந்தது.

“தம்பி, 2016-ல ஒரு கல்யாண ஃபோல்டர் சில நாள் இருக்கு, சில நாள் இல்ல. பையன் மெஷினை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா திரும்ப வருது. வைரஸா?”

“இல்லண்ணே. யாரும் அழிச்சிட்டுத் திரும்பப் போடலையே?”

“2016 ஃபோல்டரை இப்ப யாரு தொடுறா? கேட்டா பிரிண்ட் போடுறதோட சரி.”

கடைசியாக அவர் சொன்னதுதான் முக்கியமான தகவல் என்று அப்போதே பொறி தட்டியது. இருந்து மறைந்து திரும்ப வரும் ஃபோல்டர், யாரும் எழுதாத பழைய இடத்தில், ரீபூட்டோடு மாறுகிறது. மெமரி கேஷில் எந்த டிஸ்க்கின் பதிப்பு ஏறியதோ அது அடுத்த ரீபூட் வரை நிற்கிறது. லாகில் பழைய செக் முடிவுகளைத் தேடினால் 1408 என்று அமைதியாக உட்கார்ந்திருந்தது. ஸ்வாப் இந்த அரேயில் இல்லை, தனி எஸ்எஸ்டியில் இருக்கிறது. விர்ச்சுவல் மெஷினும் இல்லை. அப்புறம் சாக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

ஷேரை நிறுத்திவிட்டு, செக்கை இன்னொரு தடவை ஓட்டினேன். இதை யாரும் தவிர்க்காதீர்கள், காரணம் இருக்கிறது. செக் ஓடும்போது இரண்டு டிஸ்க்கில் இருந்தும் படித்து மெமரியில் வைத்துத்தான் ஒப்பிடுகிறது. ரேம் கெட்டிருந்தால், அல்லது கன்ட்ரோலர் சொதப்பினால், டிஸ்க்கில் எல்லாம் ஒழுங்காக இருக்கும்போதே மிஸ்மேட்ச் என்று வரும், ஓட்டத்துக்கு ஓட்டம் எண் மாறும். அந்த நிலைமையில் ரிப்பேர் கொடுத்தால் நல்லதாக இருந்த டிஸ்க்கின் மேல் மெமரியில் கெட்டுப்போன பைட்டை எழுதிவிடுவீர்கள். எண் மாறிக்கொண்டே இருந்தால் வேறு எதையும் தொடாமல் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ஒரு இரவு ஓடவிடுவதுதான் உத்தமம். இங்கே மறுபடியும் அதே 1408 வந்தது. அப்படியென்றால் முரண்பாடு டிஸ்க்கிலேயே பதிந்திருக்கிறது.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரங்களில் பெரிதாக ஒன்றும் இல்லை. 5-ஆம் எண் ரீஅலொகேட்டட் (மாற்று இடம் கொடுத்த செக்டார்), 197-ஆம் எண் பெண்டிங் (படிக்கத் தடுமாறும் செக்டார்), இரண்டிலும் 0. ஒரு டிஸ்க்கில் 199-ஆம் எண், அதாவது கேபிளில் வரும் சிஆர்சி எரர், கொஞ்சம் ஏறியிருந்தது. அதை வைத்துக் கேபிள்தான் குற்றவாளி என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. சிஆர்சி எரர் என்பது கண்டுபிடிக்கப்பட்ட தவறு, கண்டுபிடித்தவுடன் திரும்ப அனுப்பிவிடும். கேபிளை யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள் என்பதற்கு வேண்டுமானால் அது ஒரு குறிப்பு. அந்தக் குறிப்பு பிறகு உதவியது.

எங்கே என்று கண்டுபிடிக்க இரண்டு வழி. அரே ஓடிக்கொண்டிருக்கவேண்டும் என்றால், சிங்க் மின், சிங்க் மேக்ஸ் என்று இரண்டு ஃபைல் அதே இடத்தில் இருக்கின்றன, அவற்றில் எல்லை கொடுத்தால் அந்தப் பகுதியை மட்டும் செக் செய்யும், பாதி பாதியாகப் பிரித்துப் பிரித்துத் தேடலாம். நிறுத்த முடியும் என்றால் அரேயை நிறுத்திவிட்டு, இரண்டு பார்ட்டிஷனையும் பிளாக்டெவ் கொடுத்து ரீட் ஒன்லி ஆக்கிவிட்டு, சிஎம்பி கமாண்டால் பைட் பைட்டாக ஒப்பிடுவது நேர்வழி. நான் இரண்டாவதைத்தான் செய்தேன், ராத்திரி போட்டுவிட்டுக் காலையில் பார்த்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. அரேயின் மெட்டாடேட்டா (எம்டி தனக்காக டிஸ்க்கில் எழுதி வைக்கும் குறிப்பு) பதிப்பு 1.2 என்றால், அது டிஸ்க்கின் தொடக்கத்தில் இருக்கும், டேட்டா கொஞ்சம் தள்ளித்தான் ஆரம்பிக்கும். எம்டிஏடிஎம் எக்ஸாமின் கொடுத்தால் டேட்டா ஆஃப்செட் என்று வரும். பெரிய டிஸ்க்கில் 264192 செக்டார் என்று அடிக்கடி பார்க்கலாம், அதாவது 129 எம்பி. இரண்டு டிஸ்க்கிலும் அது ஒன்றாகவே இருக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை, பிறகு சேர்த்த டிஸ்க்கில் வேறாக இருக்கலாம், அதைப் பார்க்காமல் ஒப்பிட்டால் டிஸ்க் முழுவதும் வித்தியாசம் என்று வந்து மயக்கம் போடுவீர்கள். அண்ணனுடைய அரே பழைய பாணியில் 1.0-இல் உருவாக்கியது, மெட்டாடேட்டா கடைசியில் இருக்கும், டேட்டா முதல் பைட்டிலேயே தொடங்கிவிடும். அதனால் ஒப்பிடுவது சுலபம். கடைசியில் மட்டும் வித்தியாசம் வரும், ஒவ்வொரு டிஸ்க்குக்கும் அதன் சொந்த அடையாள எண் அங்கேதான் இருக்கிறது, அதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

சிஎம்பி தரும் பட்டியலில் மூன்று பத்தி. பைட் எங்கே, முதல் டிஸ்க்கில் என்ன, இரண்டாவதில் என்ன. பின்னிரண்டும் ஆக்டலில், அதாவது 0 முதல் 7 வரை மட்டும் உள்ள எண் முறையில். இந்தப் பத்திகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். உதாரணத்துக்கு ஒரு இடத்தில் 145, மறுபக்கம் 105 என்று மட்டும் வந்தால், அது ஒரே ஒரு பிட் புரண்டது, டிஸ்க்கின் உள் கேஷோ கன்ட்ரோலரோ ஏதோ செய்திருக்கிறது. அதற்கு ரேமைக் குற்றம் சொல்வது அவ்வளவு சுலபமில்லை, எழுதுவதற்கு முன்பே ரேமில் கெட்டிருந்தால் அதே கெட்ட பைட் இரண்டு டிஸ்க்குக்கும் போய், இரண்டும் தவறாக ஒத்துப்போயிருக்கும், மிஸ்மேட்ச்சே வராது. முழு 4096 பைட்டும் வேறு என்றால், ஒரு எழுத்து ஒரு டிஸ்க்கில் விழவே இல்லை.

எங்கள் பட்டியல் இந்த இரண்டிலும் சேரவில்லை. 37884209-ஆவது பைட்டில் இருந்து தொடர்ச்சியாக, முதல் டிஸ்க்கில் 0, 0, 0, இரண்டாவதில் 56, 124, 162, 141, 163, 150. ஆக்டலை எழுத்தாக மாற்றினால் ஒரு புள்ளி, பிறகு ‘ட்ராஷ்’ என்பதன் ஐந்து ஆங்கில எழுத்துகள். பின்னாலேயே ஒரு சிறு கோடும் 1000-உம். லினக்ஸ் டெஸ்க்டாப்பில் ஃபைல் மேனேஜரில் எதையாவது டிலீட் செய்தால் அந்த டிஸ்க்கின் மேல்மட்டத்தில் உருவாகுமே, அந்தக் குப்பைத் தொட்டி ஃபோல்டர்! சர்வரில் டெஸ்க்டாப்பே கிடையாது.

உறுதி செய்துகொள்ள: பைட் எண்ணில் 1 கழித்து, பிளாக் அளவான 4096-ஆல் வகுத்து மீதியை விட்டுவிட்டால் 9249, அதுதான் ஃபைல் சிஸ்டத்தின் பிளாக் எண். ஃபைல் சிஸ்டத்தின் உள்ளே பார்க்க உதவும் டீபக்எஃப்எஸ்-இல் ஐசெக் கொடுத்து அந்த எண்ணைத் தந்தால், எந்த ஐநோடுக்கு (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஃபோல்டருக்கும் உள்ள பதிவு) சொந்தம் என்று சொல்லும். 2 என்றது. ஈஎக்ஸ்டி4-இல் 2-ஆம் ஐநோடு எப்போதும் ரூட் டைரக்டரிதான். மற்ற இடங்களையும் இப்படியே பார்த்தேன், என்செக் கொடுத்தால் ஐநோடு எண்ணுக்குப் பெயர் கிடைக்கும். ஒன்று 2016 ஃபோல்டர். சில ஐநோடு டேபிள்கள், எது காலி எது நிரம்பியது என்று குறிக்கும் பிட்மேப்கள். சில 8-ஆம் ஐநோடு, அதற்குப் பெயர் வராது, அது ஜர்னல், மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் இடம். போட்டோக்கள் இருக்கும் பிளாக் ஒன்றுகூட இல்லை.

ஆக இரண்டாவது டிஸ்க்கை யாரோ தனியாகக் கழற்றி, வேறு லினக்ஸ் மெஷினில் மாட்டி, எம்டிக்குத் தெரியாமல் நேரடியாக மவுண்ட் செய்து, ஒரு ஃபோல்டரை டிலீட் செய்திருக்கிறார்கள். அண்ணனிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார், எஸ்எம்பிஎஸ் (மெஷினின் பவர் சப்ளை) போனபோது அவசரமாக ஒரு ஆல்பம் டெலிவரி இருந்தது, சர்வீஸ் செய்கிறவர் ஒரு டிஸ்க்கை எடுத்துப் போய் லேப்டாப்பில் போட்டு காப்பி எடுத்துக் கொடுத்தார், எஸ்எம்பிஎஸ் மாற்றியதும் திரும்ப மாட்டிவிட்டார் என்று. அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை, வாடிக்கையாளர் வாசலில் நிற்கும்போது யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். மவுண்ட் கமாண்ட் முதலில் இது ரெய்டு மெம்பர் என்று முறைத்திருக்கும், டைப் ஈஎக்ஸ்டி4 என்று வற்புறுத்தினால் ஒத்துக்கொள்ளும், 1.0 மெட்டாடேட்டாவில் டேட்டா முதலிலேயே இருப்பதால் தடையே இல்லை.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ரீட் ஒன்லி என்று மவுண்ட் செய்தால் டிஸ்க்கில் ஒன்றும் எழுதாது என்று நம்புகிறோம். ஈஎக்ஸ்டி4 அப்படி இல்லை. கரண்ட் போய் நின்ற டிஸ்க் என்றால் ஜர்னலில் பாக்கி இருக்கும், ரீட் ஒன்லியாகவே மவுண்ட் செய்தாலும் அந்தப் பாக்கியை டிஸ்க்கில் எழுதி முடித்துவிட்டுத்தான் மற்ற வேலை. நோலோடு என்று சேர்த்துச் சொன்னால்தான் தொடாது. ஆக ஒருவர் எதையும் டிலீட் செய்யாமல் வெறுமனே எட்டிப் பார்த்தாலே மிரரின் ஒரு பக்கம் மட்டும் மாறிவிடும்.

எம்டி ஏன் இதைக் கவனிக்கவில்லை? அதனிடம் ஈவெண்ட்ஸ் என்று ஒரு கவுண்டர் இருக்கிறது, ஒவ்வொரு டிஸ்க்கின் மெட்டாடேட்டாவிலும். லேப்டாப்பில் முறையாக எம்டி வழியாகவே ஒற்றை டிஸ்க்கோடு அரேயைத் தொடங்கியிருந்தால் அந்த எண் ஏறியிருக்கும், திரும்ப வந்தபோது இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று ஒன்றை வெளியே நிறுத்தியிருக்கும். நேரடியாக மவுண்ட் செய்தால் கவுண்டருக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு டிஸ்க்கும் ஒரே ஈவெண்ட்ஸ் எண்ணோடு வந்து நின்றன, எம்டி கையைக் கோர்த்துக்கொண்டது. கரண்ட் போனதால் ரீசிங்க் (ஒரு டிஸ்க்கில் இருப்பதை மற்றதில் திரும்ப எழுதி ஒத்துப்போகச் செய்வது) நடந்திருக்கும்தான், ஆனால் பிட்மேப் இருக்கிறதே. 100 ஜிபிக்கு மேற்பட்ட அரேயில் எம்டிஏடிஎம் தானாகவே ரைட்-இன்டென்ட் பிட்மேப் சேர்த்துவிடும், கரண்ட் போகும்போது எழுதிக்கொண்டிருந்த பகுதிகளை மட்டும் ரீசிங்க் செய்தால் போதும் என்பதற்காக. மற்ற நாட்களில் வரப்பிரசாதம். இங்கே அதனால்தான் 2016 ஃபோல்டர் பக்கமே ரீசிங்க் போகவில்லை.

இந்த நிலைமையில் எம்டி0 (இரண்டும் சேர்ந்த அரே) மேல் ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே ஓட்டி எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்வதுதான் செய்யவே கூடாத காரியம். ஒரு டைரக்டரியை முதல் டிஸ்க்கில் இருந்தும் அதன் ஐநோடு பிட்மேப்பை இரண்டாவதில் இருந்தும் படித்து, இரண்டும் சேராத ஒரு ஃபைல் சிஸ்டத்தைப் பார்த்து அது திருத்தும். ஈஎக்ஸ்டி4-இன் மெட்டாடேட்டா செக்சம் (பிளாக் கெட்டிருக்கிறதா என்று சரிபார்க்கும் எண்) இருக்கிறதே என்றால், அதுவும் உதவாது, ஒவ்வொரு பக்கத்திலும் அந்தந்த பிளாக் தன்னளவில் சரியானது, செக்சமும் பொருந்தும். நான் எழுதாமல் சோதிக்கும் முறையில் மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தேன். முதல் டிஸ்க்கில் புகார் இல்லை. இரண்டாவதில் சில. எம்டி0-இல் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வெவ்வேறு புகார்.

பிறகு இரண்டு பக்கத்தையும் ரீட் ஒன்லி, நோலோடு என்று தனித்தனியாக மவுண்ட் செய்து, முதலில் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் பேக்கப் எடுத்துக்கொண்டு, காப்பி எடுக்கும் ஆர்சிங்க் கமாண்டைச் செக்சம் வைத்து ஒப்பிடும்படியும் எதையும் எழுதாமல் பட்டியல் மட்டும் காட்டும்படியும் ஓட்டினேன். வந்தது ஒரே வித்தியாசம்: 2016-இல் இருக்க வேண்டிய அந்தக் கல்யாணம் இரண்டாவது டிஸ்க்கில் குப்பைத் தொட்டிக்குள் இருந்தது. நல்ல வேளையாக அதற்குப் பிறகு ரூட் டைரக்டரியிலும் 2016-இலும் யாரும் புதிதாக எழுதவில்லை. எழுதியிருந்தால், எந்தப் பதிப்பு கேஷில் இருந்ததோ அது இரண்டு டிஸ்க்கிலும் நிரந்தரமாகியிருக்கும், ஃபோல்டர் மாயமாவதும் நின்றிருக்கும், யாரும் தேடியிருக்க மாட்டார்கள்.

முதல் டிஸ்க்தான் சரி என்று இப்போது நமக்குத் தெரியும், ஆகவே ரிப்பேர் கொடுத்தாலும் அதிலிருந்துதான் எழுதியிருக்கும், ஏனென்றால் எம்டியின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் ஃபைலில் அதுதான் 0-ஆவது இடம். கவனிக்க, எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர் வரிசைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, எம்டிஸ்டாட்டில் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் எண்தான் கணக்கு. ஆனாலும் ரிப்பேரைத் தொடவில்லை. இரண்டாவது டிஸ்க்கை ஃபெயில், ரிமூவ் செய்து, ஜீரோ-சூப்பர்பிளாக் கொடுத்து அதன் மெட்டாடேட்டாவை அழித்துவிட்டு, புது டிஸ்க் மாதிரிச் சேர்த்தேன். நடுவில் இருக்கும் அந்த அழிக்கும் வேலையை விட்டுவிட்டால் எம்டிக்குப் பழைய உறுப்பினர் என்று அடையாளம் தெரிந்து, பிட்மேப்பைப் பார்த்து, விலகியிருந்த நேரத்தில் மாறியதை மட்டும் காப்பி செய்து இரண்டே நிமிடத்தில் முடிந்தது என்று சொல்லிவிடும். பழைய முரண்பாடு அத்தனையும் அப்படியே இருக்கும். முழு ரீசிங்க் என்றால் 4 டிபிக்கு ஒரு பகல் பொழுது ஓடும், ஓடட்டும்.

இதே வகையில் இன்னும் இரண்டு இடம் உண்டு, நினைவுக்கு வந்ததால் சொல்கிறேன். பூட் ஃபைல்கள் இருக்கும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனை 1.0 மெட்டாடேட்டாவோடு மிரர் செய்கிறவர்கள் நிறையப் பேர், பூட் ஆகும்போது மதர்போர்டின் ஃபர்ம்வேர் அதைச் சாதாரண பார்ட்டிஷனாகப் பார்க்கட்டும் என்று. பார்ப்பதோடு நின்றால் பரவாயில்லை, எதையாவது எழுதினால் ஒரு பக்கம் மட்டும்தான் எழுதும். பூட் லோடரான க்ரப் இந்த விஷயத்தில் ஒழுக்கமானது, பூட் டைரக்டரி ரெய்டில் இருந்தால் டிஸ்க்ஃபில்டர் ரைட் ஆதரவில்லை என்று ஒரு எரரைக் காட்டிவிட்டு எழுத மறுத்துவிடும். அந்த எரரைப் பார்த்து எரிச்சல்படாத லினக்ஸ்காரர் இருக்க முடியாது, ஆனால் அது எழுதாமல் இருப்பதுதான் நமக்கு நல்லது.

நிரந்தரத் தீர்வு என்ன என்று கேட்டால், செக்சம் தெரிந்த ஒன்று கீழேயோ மேலேயோ வேண்டும். இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டங்கள் இரண்டும் ஒவ்வொரு பிளாக்குக்கும் செக்சம் வைத்திருப்பதால், இரண்டு நகல் முரண்பட்டால் எது பொய் என்று அவற்றுக்குத் தெரியும், தானே திருத்தியும் விடும். எம்டியை விட மனமில்லை என்றால் லினக்ஸ் 4.12-இல், 2017-இல், வந்த டிஎம்-இன்டெக்ரிட்டியை ஒவ்வொரு டிஸ்க்கின் மேலும் போட்டு அதற்கு மேல் எம்டியை வைக்கலாம். கெட்டுப்போன பிளாக்கை அது ரீட் எரராக மாற்றிக் கொடுக்கும், ரீட் எரர் வந்தால் என்ன செய்வது என்று எம்டிக்கு நன்றாகவே தெரியும். வேகம் குறையும், அதன் ஜர்னலால் ஒவ்வொன்றும் இரண்டு தடவை எழுதப்படுகிறது. ஆனால் டிஎம்-இன்டெக்ரிட்டி போட்ட டிஸ்க்கை லேப்டாப்பில் மாட்டி அவசரத்துக்குக் காப்பி எடுக்க சர்வீஸ்காரரால் முடியாது, அது ஸ்டூடியோவுக்கு லாபமா நஷ்டமா என்று எனக்கே இரண்டு மனம்.

இதெல்லாம் கோடியில் ஒருவருக்கு வருவது என்று நினைப்பவர்களுக்கு: நெட்ஆப் நிறுவனத்தின் ஸ்டோரேஜ் மெஷின்களில் இருந்த சுமார் 15.3 லட்சம் டிஸ்க்குகளை 41 மாதம் கவனித்து 2008-இல் ஒரு ஆய்வு வெளியானது, அதில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட செக்சம் முரண்பாடுகள் பதிவாகியிருந்தன. அந்த டிஸ்க்குகள் சொல்லாமல் தவறியவை. செக்சம் இருந்ததால் தெரிந்தது, நம் வீட்டு மிரரில் அது கிடையாது.

அண்ணனுக்குக் கடைசியில் எளிய வழிதான். கல்யாணப் போட்டோ ஒரு தடவை எடுத்தால் மாறப்போவதில்லை, ஆகவே ஒவ்வொரு வருட ஃபோல்டருக்கும் எஸ்எச்ஏ-256 செக்சம் பட்டியல் ஒன்று, வெளி டிஸ்க்கில் அதன் நகல். செக் முடிந்ததும் எண் 0 இல்லையென்றால் எனக்கும் அவருக்கும் மெயில் வரும்படி நான்கு வரி ஸ்கிரிப்ட். டிஸ்க் பெட்டியின் மேல் “ஒற்றையாகக் கழற்றாதீர்கள்” என்று மார்க்கரில் எழுதி ஒட்டியாயிற்று. செக் நேரத்தையும் மாற்றினேன். மாதத்தின் முதல் ஞாயிறு டெபியனுக்கு ஓய்வு நாளாகத் தெரியலாம், இங்கே முகூர்த்த ஞாயிறு என்றால் ராத்திரி ஒரு மணிக்கு ரிசப்ஷன் கார்டுகளைக் கொண்டுவந்து காப்பி போடுவார்கள், அந்த நேரத்தில் செக் ஓடினால் டிஸ்க் நகராது. இப்போது செவ்வாய் இரவு ஓடுகிறது.